புறப்படுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்

சந்தியாகப்பர் யாத்திரையை முன்னிட்டு ஒரு ஞானச் சிந்தனை





ஜூலை மாதம் 25-ந் தேதி அர்ச். சந்தியாகப்பர் திருநாள். செபதேயுவின் மகனும் அர்ச். அருளப்பரின் சகோதரருமான இவர்தாம் பன்னிரண்டு அப்போஸ்தலருள் முதன்முதல் வேதசாட்சியாக உயிரைக் கொடுத்தவர். ஏரோது அரசன் அவரை வாளால் வெட்டுவித்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அவருடைய திருச்சரீரம் ஸ்பெயின் தேசத்தின் வடமேற்குக் கோடியில் அடக்கம் செய்யப்பட்டது என்பது பழைய பாரம்பரியம். 9-ம் நூற்றாண்டில் அந்தக் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது முதல், ஐரோப்பாவின் நாலா திசையிலிருந்தும் சனங்கள் அங்கே கால்நடையாகப் போய்வருகிறார்கள். அப்போஸ்தலருடைய பெயரே அந்த ஊருக்கும் பெயராயிற்று: சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. நாம் சந்தியாகப்பர் என்று சொல்லும்போதெல்லாம், நமக்குத் தெரியாமலே அந்தத் தூர தேசத்துச் சொல்லைத்தான் சொல்லுகிறோம். நம் முன்னோர் அதோடு 'அப்பர்' என்ற நம்முடைய மரியாதையைச் சேர்த்து, அவரை நம் வீட்டுப் பெரியவராக ஆக்கிக்கொண்டார்கள்.

2024-ம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 4,99,000 யாத்திரீகர் அந்தக் கோவிலில் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழுகிற வருஷம் அங்கே ஜுபிலி வருஷம். 2027-ம் ஆண்டு அப்படிப்பட்ட வருஷம். ஆகையால் நம் குடும்பங்களிலும் சிலருக்கு, 'நாமும் ஒருமுறை நடந்து பார்த்தால் என்ன?' என்ற ஆசை பிறந்தால் அது அதிசயமல்ல.

ஆசை நல்லதுதான். ஆனால் வெறும் ஆசையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவது நல்லதல்ல. 'சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டு யாதொரு ஆயத்தமுமின்றிக் கிளம்புகிறவன், விசுவாசத்தினால் அப்படிச் செய்கிறானா, சோம்பலினால் செய்கிறானா? தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதித்தால் சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்று பசாசு நமது ஆண்டவரைத் தூண்டினதை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் குதிக்கவில்லை. சர்வேசுரனை நம்புவது வேறு, அவரைச் சோதிப்பது வேறு. அதே ஆண்டவர்தாம், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றும், அஸ்திவாரம் போட்டுவிட்டு முடிக்கமாட்டாமல் நின்றால் ஊரார் சிரிப்பார்கள் என்றும் உவமையாகப் போதித்தார். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் பக்திதான். இதுவே இன்றைக்கு நாம் தியானிக்க வேண்டிய விஷயம்.

பாதை எப்படிப்பட்டது?

சந்தியாகப்பர் கோவிலுக்குப் பாதைகள் பல. அவற்றுள் மிகுந்த பேர் நடப்பது 'பிரெஞ்சுப் பாதை'. அது பிரான்சு தேசத்தின் தென்மேற்கிலுள்ள சேன் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்குகிறதாகப் பெரும்பாலோர் வைத்துக்கொள்கிறார்கள். 'கணவாய் அடிவாரத்து அர்ச். அருளப்பர்' என்பது அந்த ஊர்ப் பெயரின் பொருள். தம்பியின் ஊரிலிருந்து புறப்பட்டு அண்ணன் ஊருக்குப் போவதுபோல எண்ணிக்கொள்ளலாம். முழுத் தூரம் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். திடமுள்ளவர்களுக்கு 30 முதல் 35 நாள் வரை பிடிக்கும்.

இந்தப் பாதையில் மிகவும் கடினமானது எது தெரியுமா? கடைசி நாள் அல்ல, முதல் நாள்தான். பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கிற பிரனீஸ் மலையை அன்றைக்கே கடக்க வேண்டும். சேன் ழான் ஊர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லெப்போயெதெர் என்ற கணவாயோ ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரம். அவ்வளவும் ஏறி, பிறகு ஸ்பெயின் பக்கத்தில் 950 மீட்டர் உயரத்திலுள்ள ரொன்செஸ்வால்யெஸ் மடத்துக்கு இறங்க வேண்டும். மொத்தம் 25 கிலோமீட்டர். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்கு முதல் நாளே கால் போய்விடும்.

ஒரு மாதம் ஒழிக்க முடியாதவர்கள், இந்த எல்லை மலைப்பகுதியை மட்டும் நாலு நாளில் நடந்து முடிக்கலாம். முதல் நாள் எட்டுக் கிலோமீட்டர் ஏறி ஒரிசோன் என்ற இடத்துச் சத்திரத்தில் தங்குவது. இரண்டாம் நாள் மலையைக் கடந்து ரொன்செஸ்வால்யெஸ். மூன்றாம் நாள் 22 கிலோமீட்டரில் சுபீரி. நாலாம் நாள் 20 கிலோமீட்டரில் பம்ப்லோனா பட்டணம். இப்படி நடந்தவர்களுக்குச் சந்தியாகு பட்டணத்து அத்தாட்சிப் பத்திரம் கிடைக்காது. அதற்குப் பாதையின் கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்திருக்க வேண்டும். ஆனால் பத்திரத்துக்காகவா நடக்கிறோம்?

முதலாவது ஆயத்தம்: வீட்டுக் கணக்கு

முற்காலத்தில் ஒரு கிறிஸ்தவன் இந்த யாத்திரைக்குப் புறப்படுமுன் என்ன செய்தான்? மரண சாசனம் எழுதினான். கடன்களைத் தீர்த்தான். தான் மனம் நோகச் செய்தவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டான். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தான். கடைசியாகக் கோவிலுக்குப் போய், தன் பையையும் கைத்தடியையும் குருவானவர் மந்திரிக்கப் பெற்றுக்கொண்டான். பையும் தடியும் கடைசியில்தான் வந்தன என்பதைக் கவனியுங்கள். இக்காலத்தில் நாமோ முதலில் பையைத்தான் வாங்குகிறோம்!

ஆகையால், யாத்திரை போக நினைக்கிற தகப்பன்மாரே, தாய்மாரே, முதலில் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் போகிறீர்களா? அப்படியானால் உங்கள் பக்திக்கு உங்கள் பிள்ளைகள் வட்டி கட்டுவார்கள். வேலைக்காரனுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா? அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள். படுக்கையில் கிடக்கிற தாயாரை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தாயிற்றா? செய்யவில்லையென்றால், இந்த வருஷம் உங்கள் சந்தியாகு பட்டணம் அந்தக் கட்டில்தான். நேர்ச்சை என்றால் தன் சொந்தப் பொருளைக் கொடுப்பது. பிறனுடைய பணத்தையும் பிறனுடைய கண்ணீரையும் கொண்டு செலுத்துகிற நேர்ச்சையை எந்த அர்ச்சியசிஷ்டவரும் கேட்கவில்லை.

அண்ணன் தம்பிகள் நிலத் தகராறில் பேச்சில்லாமல் இருக்கிறார்களா? எல்லைக்கல் ஒரு சாண் தள்ளியிருக்கிறதென்று கோர்ட்டுக்குப் போனவர், வேறு தேசத்து எல்லையைக் கடந்து நடந்து என்ன பலன்? முதலில் பக்கத்து வயல் வரப்பைக் கடந்து போய்ச் சகோதரனிடம் பேசட்டும். அந்தப் பத்தடி தூரம் பிரனீஸ் மலையைவிடச் செங்குத்தானது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

தொபியாஸ் ஆகமத்தில், பார்வை இழந்த தகப்பன் தன் மகனைத் தூர தேசத்துக்கு அனுப்புகிற வரலாற்றைப் படித்துப் பாருங்கள். மகன் கையில் கைச்சீட்டைக் கொடுக்கிறார், வழி தெரிந்த துணை ஒன்றைத் தேடச் சொல்லுகிறார், துணைக்கு வந்தவரிடம் கூலியும் பேசுகிறார். அப்படிக் கூலி பேசப்பட்டவர் இரபாயேல் சம்மனசானவர் என்பது பின்னால்தான் தெரிகிறது. ஆயத்தம் செய்த வீட்டுக்குத்தான் சம்மனசானவர் வந்தார்.

இரண்டாவது ஆயத்தம்: சுமை

778-ம் ஆண்டில் கார்லோமாஞ்ஞு அரசனுடைய சேனை ஸ்பெயினிலிருந்து இந்த மலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னே போன படை தப்பிற்று. சேனையின் மூட்டை முடிச்சுகளோடு பின்னே வந்த காவற்படையை மலைவாசிகளாகிய பாஸ்க் மக்கள் மேலிருந்து பாய்ந்து அழித்து, மூட்டைகளைக் கொள்ளையிட்டார்கள். அரசனுடைய தளகர்த்தர்களில் ஒருவனான ரோலான் அங்கேதான் மாண்டான். மலைப்பாதையில் சுமை இருக்குமிடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

இந்தப் பாதையில் அனுபவப்பட்டவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: முதுகுப் பை, சுமக்கிறவருடைய நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ உள்ளவருக்கு ஆறு கிலோ. மாற்றுத் துணி, மழைக்கோட்டு, குளிருக்கு ஒரு சட்டை, இலேசான தூக்கப் பை, ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீர், மருந்து, கொஞ்சம் ரொட்டி: இவ்வளவிலேயே ஆறு கிலோ முடிந்துவிடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டையும் நாள் கணக்குப்படி மருந்தையும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று நாம் திணிப்பது. 'எதற்கும் இருக்கட்டும்' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் முதுகை முறிக்கிறது. பலர் முதல் இரண்டு நாளிலேயே பாதிப் பொருளைத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள், அல்லது சத்திரத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பை கட்டுவது நல்ல ஆத்தும சோதனை. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, 'இது தேவைக்கா, பயத்துக்கா?' என்று கேளுங்கள். நாம் சுமக்கிறவற்றில் பாதி பயத்துக்காகச் சுமப்பது. இதே கேள்வியை வீட்டு அலமாரியின் முன்னும், மனதின் முன்னும் நின்று கேட்கலாம். பத்து வருஷத்துக்கு முன் ஒருவர் சொன்ன ஒரு சொல்லை இன்னும் சுமந்து திரிகிறோமே, அதன் நிறை எத்தனை கிலோ?

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்து பழகிய நம்மவர்கள், 'எங்களுக்கு என்ன சோடு?' என்று எண்ணக்கூடும். அங்கே ஈரப்பாறையும் குளிரும் சேறும் உண்டு. நல்ல சோடு வேண்டும். அதையும் புத்தம்புதிதாய் மாட்டிக்கொண்டு போகாமல், இங்கேயே இரண்டு மூன்று மாதம் அதைப் போட்டு, பையில் அதே சுமையை வைத்து, அதிகாலையில் நடந்து பழக வேண்டும். கால் கொப்புளம் பணக்காரன் ஏழை என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது ஆயத்தம்: தாழ்ந்த பாதை

இங்கேதான், பிரியமானவர்களே, உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது.

சேன் ழான் ஊரிலிருந்து மலையைக் கடக்க இரண்டு வழிகள். ஒன்று மேல்பாதை. அதற்கு 'நெப்போலியன் பாதை' என்று பெயர். பச்சைப் புல்வெளியும், ஆட்டு மந்தைகளும், பாறை நடுவே ஒரு தேவமாதா சுரூபமும், கண்ணுக்கெட்டிய தூரம் மலைத்தொடரும் உள்ள அழகான பாதை. மற்றொன்று கீழ்ப்பாதை. அது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாக, ஊர்களையும் தார்ச்சாலையையும் ஒட்டிப் போய், 1,057 மீட்டர் உயரமுள்ள இபாஞெத்தா கணவாயில் ஏறும். பார்க்க அவ்வளவு விசேஷமில்லை. பெருமை பேசவும் ஒன்றுமில்லை.

மேல்பாதையில் வானிலை ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். காலையில் வெயிலடிக்கும், உச்சிக்குப் போகுமுன் பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி சூழ்ந்துகொள்ளும். வசந்த காலத்திலும் பனி விழுவதுண்டு. அங்கே வழிதவறிக் குளிரில் இறந்த யாத்திரீகர்கள் உண்டு. ஆகையால் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நவார் நாட்டு அரசாங்கம் அந்த மேல்பாதையை அடைத்துவிடுகிறது. மற்ற மாதங்களிலும், சேன் ழான் ஊரிலுள்ள யாத்திரீகர் அலுவலகத்தில் தொண்டர்கள் அன்றன்றைய வானிலையைச் சொல்லுகிறார்கள். 'இன்றைக்கு மேலே போகாதீர்கள்' என்றால் போகக்கூடாது. ஐரோப்பா முழுவதும் ஆபத்துக்கு அழைக்கும் டெலிபோன் எண் 112. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கூப்பிடும்படி நேராமல் பார்த்துக்கொள்வதே மேல்.

எச்சரித்தும் போகிறவர்கள் உண்டு. ஏன்? 'இவ்வளவு தூரம் வந்தோம், இவ்வளவு பணம் செலவழித்தோம், ஊரில் போய் என்ன சொல்வது?' என்ற எண்ணம். தாழ்ந்த பாதையில் போனதாகச் சொல்ல வெட்கம். கணவாயைத் தாண்டின பிறகும் அதே சோதனைதான். அங்கிருந்து மடத்துக்கு இறங்கவும் இரண்டு வழி. பீச் மரக்காட்டினூடே செங்குத்தாய் இறங்கும் குறுக்குவழி ஒன்று, இபாஞெத்தா வழியாய்ச் சுற்றி மெதுவாய் இறங்கும் வழி ஒன்று. அலுவலகத்தார் சுற்றுவழியையே சிபாரிசு செய்கிறார்கள். களைத்த முழங்கால் குறுக்குவழியில்தான் மடங்கும்.

இதைத் தாழ்ச்சி என்ற புண்ணியத்துக்கு நல்ல பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தியாகப்பருக்கும் இந்தப் பாடம் வேண்டியிருந்தது. ஆண்டவருடைய இராச்சியத்தில் அவருக்கு வலது பக்கமும் இடது பக்கமும் உட்காரச் சந்தியாகப்பரும் அருளப்பரும் இடம் கேட்டார்கள் அல்லவா? மேல்பாதையைத்தான் கேட்டார்கள். ஆண்டவரோ பாத்திரத்தைக் காட்டினார், ஊழியத்தைக் காட்டினார். மேலிடம் கேட்ட சந்தியாகப்பர் கடைசியில் கழுத்தைக் கொடுத்தார். கீழ்ப்பாதை வழியாகத்தான் அவர் உயர்ந்தார்.

மகனுக்கு ஒரு படிப்பில் இடம் கிடைக்காமல் வேறொரு படிப்பில் சேர்க்க நேர்ந்த வீடு, பெண்ணின் கலியாணத்தைச் சிக்கனமாகச் செய்ய நேர்ந்த வீடு, வைத்தியர் சொல்லி வேலையைக் குறைத்துக்கொள்ள நேர்ந்த தகப்பன், எல்லாருக்கும் சொல்லுகிறேன்: தாழ்ந்த பாதையும் ரொன்செஸ்வால்யெஸ் மடத்துக்கே போய்ச் சேருகிறது. அங்கே மாலைப் பூசைக்குப் பிறகு யாத்திரீகரை ஆசீர்வதிக்கும் குருவானவர், 'நீ எந்தப் பாதையில் வந்தாய்?' என்று கேட்பதில்லை.

நாலாவது ஆயத்தம்: எல்லை

மலை மேலே இரண்டு தேசங்களின் எல்லை எப்படி இருக்கும்? மதில் இல்லை, சேவகரும் இல்லை. 1659-ல் இரண்டு அரசர்கள் செய்துகொண்ட பிரனீஸ் உடன்படிக்கையும், 1856-ல் தொடங்கிய பயோன் உடன்படிக்கைகளும் அந்த எல்லையைத் தீர்மானித்தன. கடலிலிருந்து கடல் வரை 602 எண்ணிட்ட எல்லைக்கற்கள் அதற்குச் சாட்சி. 1995 முதல் அங்கே வழக்கமான சோதனை கிடையாது. ஆடுமாடுகள் தாண்டாமலிருக்கப் போட்ட தடுப்பை யாத்திரீகர் தாண்டிப்போகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு எல்லை அந்த மலையில் இல்லை, விசா அலுவலகத்தில் இருக்கிறது. ஷெங்கன் விசா ஒன்றே இரண்டு தேசங்களுக்கும் போதும். அதிக நாள் தங்குகிற தேசத்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. குறைந்தது 30,000 யூரோ வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை காத்திருந்துவிட்டு, அந்தோனியாரிடம் புதுமை கேட்காதேயுங்கள்.

இந்த எல்லைக்கும் நமக்கும் ஒரு பந்தம் இருக்கிறது. நம் முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்து, மணலில் நடந்து நடந்து நம் முன்னோருக்கு ஞானம் போதித்த அர்ச். சவேரியார் இந்த நவார் நாட்டுப் பிள்ளை. பம்ப்லோனாவுக்குத் தென்கிழக்கே, பாதையிலிருந்து விலகி, அவர் 1506-ல் பிறந்த சவேரியார் கோட்டை இன்றும் இருக்கிறது. மார்ச் மாதந்தோறும் நவார் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நடந்து போகிறார்கள். அவருடைய தகப்பன் வழிக் குடும்பமோ மலைக்கு அந்தப் பக்கம், சேன் ழான் அருகேயுள்ள ஜாக்சு கிராமத்திலிருந்து வந்தது. எல்லையின் இரு பக்கத்துக்கும் சொந்தமான குடும்பம் அது. 1512-ல் காஸ்தீல் சேனை நவாரைப் பிடித்தபோது அந்தக் குடும்பம் தோற்ற பக்கத்தில் நின்றது. 1516-ல் அவர்கள் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. அப்போது சவேரியாருக்குப் பத்து வயது.

1521-ல் பம்ப்லோனா கோட்டையைக் காஸ்தீல் பக்கம் நின்று காத்த ஒரு வீரனுடைய காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. அந்தப் போரில் சவேரியாரின் தமையன்மார் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள். அந்த வீரன் யார்? அர்ச். இஞ்ஞாசியார்! எட்டு வருஷத்துக்குப்பின் பாரீஸ் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் ஒரே அறையில் இருவரும் தங்க நேர்ந்தது. எல்லை அவர்களைச் சத்துருக்கள் ஆக்கியிருந்தது. சர்வேசுரன் அவர்களை ஞானச் சகோதரர் ஆக்கினார். 1534-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி மோன்மார்த்தர் குன்றில் இருவரும் மற்றத் தோழர்களோடு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அந்த அறையில் அவர்கள் சமாதானப்பட்டிராவிட்டால், நம் கடற்கரைக்கு யார் வந்திருப்பார்?

ஆகையால் எல்லை மலையில் நடக்கும் யாத்திரீகனுடைய பையில் விசாவைவிட முக்கியமான ஒன்று வேண்டும்: எதிர்ப்பக்கத்தானைச் சகோதரன் என்று ஏற்றுக்கொள்ளும் மனது. சத்திரத்தில் மேல்கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிற அந்நியன் உங்கள் இஞ்ஞாசியாராக இருக்கலாம்.

போக முடியாதவர்களுக்கு

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த மலைக்குப் போகப்போவதில்லை. உங்களுக்கும் இந்த யாத்திரையில் பங்கு உண்டு.

12-ம் நூற்றாண்டில் ரொன்செஸ்வால்யெஸில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி ஏற்பட்டது. யாத்திரீகருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து, நோயாளிகளைக் கவனித்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். இபாஞெத்தா கணவாயில் இருந்த பழைய மடத்தில், மூடுபனி சூழும் வேளையில் மணியடிப்பார்கள். வழி தெரியாமல் தவிக்கிறவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைப்பான். மணியடித்தவர் எங்கும் நடக்கவில்லை. ஆனாலும் அவருடைய யாத்திரை எத்தனை பெரியது!

நம் காலத்திலும் ஒரு சாட்சி உண்டு. எலியாஸ் வாலிஞா என்பவர் கலீசியா நாட்டில் மலை உச்சியிலுள்ள ஒ செப்ரெய்ரோ என்ற சிற்றூரின் பங்குக் குருவானவர். இந்தப் பாதை மறந்துபோய், மிகச் சிலரே நடந்த காலம் அது. 1984-ம் ஆண்டில் அவர் மஞ்சள் பெயிண்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு, பிரனீஸ் மலை முதல் வழிநெடுக மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டார். 1989-ல் இறந்துபோனார். இன்று இலட்சக்கணக்கான சனங்கள் அந்த மஞ்சள் அம்பை நம்பித்தான் நடக்கிறார்கள். ஒரு சிறு பங்கின் குருவானவர், ஒரு டப்பா பெயிண்டு! பிறர் வழிதவறாமலிருக்க நாம் செய்யும் ஆயத்தமே சிறந்த ஆயத்தம்.

நம் ஊர்ச் சாலையிலும் ஆகஸ்டு மாதக் கடைசியில், செப்டம்பர் 8 மாதா திருநாளுக்காக, காவி உடுத்திய யாத்திரீகர் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள். இரவில் லாரி ஓடும் சாலை ஓரத்தில் நடக்கிறார்கள். அவர்களுக்கு நாம் எந்த மணியை அடிக்கிறோம்? ஒரு தண்ணீர்ப் பந்தல், படுக்க ஒரு திண்ணை, பெண்கள் ஒதுங்கக் கதவுள்ள ஓர் இடம், கொப்புளத்துக்கு மருந்து, இருட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு பட்டை: இவற்றைக் கொடுக்கிற வீடு ரொன்செஸ்வால்யெஸ் மடத்துக்குச் சமானம்.

கடைசி எல்லை

அர்ச். சவேரியார் எத்தனையோ எல்லைகளைக் கடந்தார். சீன தேசத்துக்குள் போக வேண்டுமென்று எல்லா ஏற்பாடும் செய்து, சான்சியான் தீவில் ஒரு வியாபாரியின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, அக்கரை எதிரே இருக்க, அங்கேயே உயிர் விட்டார். அவருடைய ஆயத்தம் வீணாயிற்றா? இல்லை. அந்த எல்லையைக் கடக்க விடாத சர்வேசுரன், வேறோர் எல்லையைக் கடக்க அவரை அழைத்தார். அதற்கும் அவர் ஆயத்தமாகவே இருந்தார்.

அந்த எல்லையை நாம் எல்லாரும் கடப்போம். அதற்கு விசா விண்ணப்பம் இல்லை, தேதியும் நமக்குத் தெரியாது. கடனைத் தீர்த்து, சகோதரனோடு சமாதானமாகி, சுமையை இறக்கி, தாழ்ந்த பாதையைத் தெரிந்துகொண்டவன் மட்டும் அங்கே பயமின்றிப் போவான். ஆகையால் நீங்கள் ஸ்பெயினுக்குப் போனாலும் போகாவிட்டாலும், யாத்திரைக்கான ஆயத்தத்தை இந்த வாரமே தொடங்குங்கள்.

தீர்மானம்: இந்த வாரம் கொடுக்கவேண்டிய ஒரு பாக்கியைக் கொடுப்பேன், பேச்சில்லாத ஒருவரோடு நானே முதலில் பேசுவேன், வழிப்போக்கன் ஒருவனுக்கு என் கையால் தண்ணீர் கொடுப்பேன்.

செபம்: அர்ச். சந்தியாகப்பரே, வழி நடக்கிறவர்களின் காவலரே, எங்கள் சுமையை இறக்கவும், தாழ்ந்த பாதைக்கு வெட்கப்படாமலிருக்கவும், கடைசி எல்லையில் சேசுநாதருடைய திருமுகத்தைக் காணவும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.